நாவின் கீழ் ஒரு குளிகை

திருகோணமலையிலே கோணேசர் கோயிலுக்கு ஏறும் மேட்டுப் பாதையில் பெரியவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மடியிலிருந்து சிறு குளிகையொன்றை எடுத்து நாவின் கீழ் இட்டார். அமருமாறு வேண்டினோம். "நிற்கிறேன் தம்பி, பாதகமில்லை" என்றார். பாதகம் உண்டு, நேயர்களே!

அக்குளிகை நைத்திரோகிளிசரின். வெடிமருந்தாகப் பெயர்பெற்ற இதனை நெஞ்சுவலிக்கு உகந்ததென 1879இல் எழுதியவர் இலண்டன் வைத்தியர் வில்லியம் மரல். இதன் பெருவேலை நடப்பது இருதயத்திலன்று. அதற்கு இரத்தத்தை மீட்டுவரும் நாளங்களில். நம் இரத்தத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கு நாளங்களிலேயே தங்குகிறது. குடல், ஈரல், மண்ணீரல் ஆகியவற்றின் நாளங்களை நமது கந்தளாய்க் குளத்துக்கு ஒப்பிடலாம். குளம் அகன்றால் நீர் குறையாது, மட்டம் தாழும், துருசிற் பாய்வது குறையும். அவ்வாறே நாளங்கள் தளர்ந்ததும் இரத்தம் வயிற்றில் தேங்குகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றர் இறைக்கும் இருதயத்துக்கு வரவு குறைகிறது. வரவு குறையின் செலவும் குறையுமன்றோ? சுமை இறங்க, வலி தணிகிறது. நிற்பவருக்கோ கால்களிலும் இரத்தம் இறங்கிவிட, மூளைக்குப் போதாமல் தலை சுழலும்.

நலிந்த இருதயத்தால் நுரையீரலில் நீர்கோத்தவருக்கு இதே தேக்கம் மூச்சை மீட்டுத் தரும். அவருட் சிலருக்கு இருதயம் இறைப்பது கூடுவதும் உண்டு!

ஆண்மைக் குறைவுக்கு விழுங்கும் சில்டெனபிலுடன் இது சேரின் இரத்த அழுத்தம் அபாயமாக வீழும். வீட்டில் மறைப்பவரும் வைத்தியரிடம் மறைக்கலாகாது.

5 நிமிடத்தில் வலி தணியாவிடின் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வரவழைக்க வேண்டும். பெரியவருக்குத் தணிந்தது. "இனி ஏறலாம்" என்றார். நாமோ கையைப் பற்றி மெல்லக் கீழே அழைத்து வந்தோம்.