குடியை நிறுத்தினால்தான் கூரையா?

மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையும் இன்ஃபோசிஸ் வளாகமும் அருகருகே அமைந்தவை. இத்தகைய வட்டாரம் வெளியூர்க் கூலித் தொழிலாளரை ஈர்ப்பது இயல்பு. வேலையும் அறையும் ஒருசேரப் போனால் அவர்களுள் சிலர் நடைபாதைக்கு வந்துவிடுகின்றனர். குடிநோயும் சேர்ந்துவிட்டால் இரு கதவுகள் அடைபடுகின்றன. போதையில் வருபவரை இரவுத் தங்குமிடங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. உடனிருக்க உறவினர் இல்லாதவரைச் சிகிச்சை மையங்கள் பலவும் சேர்ப்பதில்லை.

நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று வீதம் ஆண்டு முழுவதும் இயங்கும் தங்குமிடம் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2010-இல் ஆணையிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி மைசூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 9 லட்சம். ஆக, ஒன்பது தங்குமிடங்கள். அவற்றுள் ஒன்று ஹெப்பாளில், குடித்து வருபவரையும் ஏற்பதாக அமைய வேண்டும்.

‘முதலில் குடியை விட்டு வரட்டும்’ என்பது ஒழுக்கம் சார்ந்த வாதமாகத் தோன்றினாலும் மருத்துவத்திற்குப் புறம்பானது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதைத் தொடர்ந்து நடுக்கமும் மனக்குழப்பமும் முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தும் கண்காணிப்பும் இன்றி, நடைபாதையில் கிடப்பவரிடம் இதைக் கோருவது கொடுமை. வீடுள்ளோர் நிலையே மோசம்: மதுச் சார்புடையோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாக 2019-இல் வெளியான தேசிய ஆய்வு கூறுகிறது, உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே.

கர்நாடகம் 2007-இல் சாராயத்தைத் தடைசெய்தது. மற்ற மதுவகைகளின் மொத்த விற்பனையோ 2003 முதல் அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. (டாஸ்மாக்கை அறிந்த வாசகருக்கு இது புதிதன்று.) விற்று வருவாய் ஈட்டும் அரசு, குடித்தவனைத் தங்குமிட வாயிலில் ஒழுக்கம் கேட்டுத் திருப்பியனுப்புவது முறையாகாது.

உடன் தங்கும் பெண்கள், முதியோர் ஆகியோரின் அச்சம் நியாயமானதே. அதற்குத் தனிக்கூடமும் இரவுப் பணியாளரும் வேண்டும், கதவடைப்பு தீர்வாகாது.

கனடாவில் 2009 முதல் 2013 வரை, குளிர் கொடிய வின்னிபெக் உள்ளிட்ட ஐந்து நகரங்களில், மனநோயுள்ள வீடற்றோருக்கு நிபந்தனையின்றி வீடளித்துச் சோதித்தனர். வழக்கமான உதவி பெற்றோரைவிட இவர்கள் நெடுங்காலம் வீட்டில் நிலைத்தனர். போதைப் பழக்கத்திலோ இரு சாராரிடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆதலால் கூரை கிடைத்தால் குடி தானே நிற்கும் என எவரும் வாக்களிக்க இயலாது. ஆனால் கூரையின் கீழ் இருப்பவரை மருத்துவர் மறுநாளும் தேடிக் கண்டுகொள்ளலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வாரம் ஒரு மாலை ஹெப்பாளுக்கு வரவும், வலிப்பு கண்டவரை உறவினர் கையொப்பமின்றிக் கே.ஆர். மருத்துவமனை சேர்த்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்வது மாநகராட்சியின் முதல் வேலை.