தபால் எழுதும் பேரேடு

யந்திரம் வாயில்லாப் பூச்சி என்று எண்ணியிருந்த காலம் மலையேறிவிட்டது. இப்பொழுது பேரேடே தபால் எழுதுகிறது. நம்பாதவர்கள் நீடாமங்கலத்தில் ரேஷன் கடைக்குப் போய்வந்த எந்த அம்மாளையும் கேட்டுப் பார்க்கலாம். அரிசியும் சர்க்கரையும் பையில் விழுந்து, அவர் வீட்டு வாசற்படியை மிதிப்பதற்குள், வாங்கிய சாமானுக்குக் கைப்பேசியில் செய்தி வந்து நிற்கும். 2017 ஆம் ஆண்டில் மின்னணுக் குடும்ப அட்டை வழங்கத் தொடங்கியது முதல் இது வழக்கமாகிவிட்டது.

இதை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடுவதற்கில்லை. கடைப் பக்கமே போகாதவர்களுக்குச் சாமான் வாங்கியதாகச் செய்தி வந்து, அதனால் குட்டு வெளிப்பட்ட வரலாறுகள் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கின்றன. செய்தி மட்டும் வந்திராவிட்டால், அந்தப் பாமாயில் யார் வீட்டு வடையைப் பொரித்திருக்குமோ!

குடும்பத்தாருக்குக் குறுஞ்செய்தி போவது போலவே, பேரேட்டைக் காக்கும் உத்தியோகஸ்தருக்கும் பேரேடு ஒரு கடிதம் எழுதுவது உண்டு. நாம் சொல்லப் புகுந்தது அதைப் பற்றித்தான். மேல்வகுப்புப் பிள்ளைகள் இவ்விஷயத்தில் நம்மைக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். பெற்றோருக்கும் தெரிந்திருப்பது நலம்.

மேற்படி பேரேட்டுக்கு டேட்டாபேஸ் என்று பெயர். அதை வைத்துக் காக்கும் யந்திரம் சர்வர். நகல் எடுக்கும் வேலை தவறினாலும், ஏட்டில் இடம் தீர்ந்தாலும் அது உடனே தெரிவித்தாக வேண்டும். ஆனால் ஊர் ஊராகத் தபால் சேர்க்கும் வித்தை அதற்குத் தெரியாது. ஒரு தபால் சர்வரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆகவே அந்தத் தபால் சர்வரின் பெயர், அதன் வாசல் எண் (பெரும்பாலும் 587), உள்ளே நுழையக் கடவுச்சொல், அனுப்புவோர் முகவரி ஆகியவற்றை முன்கூட்டியே எழுதிவைக்கிறார்கள். எந்தக் காரியம் தவறினால் யாருக்கு எழுதுவது என்பதையும் குறித்துவிடுகிறார்கள். மைக்ரோஸாப்ட் கம்பெனியாரின் சர்வரில் முன்பெல்லாம் இதற்காக அவுட்லுக் போன்ற நிரலையும் அதே யந்திரத்தில் குடியேற்ற வேண்டியிருந்தது. 2005 ஆம் ஆண்டுப் பதிப்பில் 'டேட்டாபேஸ் மெயில்' வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது. அதில் கடிதங்கள் வரிசையில் காத்திருக்கும். வேறொரு நிரல் எடுத்து அனுப்பும். தபால் சர்வர் படுத்துக்கொண்டாலும் பேரேட்டின் வேலை நிற்பதில்லை.

ஒரு சோதனைக் கடிதம் வந்து சேர்ந்தவுடன் பலர் 'ஆயிற்று' என்று கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பமாகிறது.

உலகெங்குமுள்ள நிரல் எழுதுவோர் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் 'கிட்லாப்' என்னும் கம்பெனியில் 2017 ஜனவரி 31 ஆம் தேதி நடந்ததைக் கேளுங்கள். அன்றிரவு ஒரு பொறியாளர், துணை சர்வரில் இருப்பதாக எண்ணி, மூல சர்வரின் பேரேட்டை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு விநாடியில் விழித்துக்கொண்டு நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட் கணக்கில் பெரும்பகுதி பஸ்மமாகிவிட்டது. போகட்டும், நகல் இருக்கிறதே என்று தேடினால், நகல் வைக்கும் அறை காலி! பேரேட்டின் பதிப்பு 9.6, நகல் எடுக்கும் நிரலின் பதிப்போ 9.2. நகல் வேலை ஒவ்வொரு முறையும் தவறிக்கொண்டே இருந்தது. தவறியதென்று கடிதமும் போய்க்கொண்டே இருந்தது. ஆனால் அனுப்புவோர் மெய்யானவர் என்பதற்கு முறைப்படியான அத்தாட்சி அக்கடிதங்களில் இல்லை. ஆகையால் டிமார்க் என்னும் விதியின்படி, பெறவேண்டிய தபால் சர்வர் அவற்றை வாசலிலேயே திருப்பிவிட்டது. ஒன்றுகூட ஒருவர் கண்ணிலும் படவில்லை. வேறு காரியத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் மானத்தைக் காத்தது. இடைப்பட்ட நேரத்தில் பேரேட்டில் ஏறியவை போனது போனதுதான். நடந்தது அனைத்தையும் அக்கம்பெனியார் ஒளிக்காமல் தாங்களே எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மையை நாம் மெச்சுகிறோம்.

மௌனத்தை நலச் செய்தி என்று கொள்ளலாகாது என்பதை நீடாமங்கலத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிந்து போகின்றன. ஐப்பசி அடைமழையில் லஸ்கரிடமிருந்து தகவலே இல்லையென்றால், வெள்ளம் வடிந்துவிட்டது போலும் என்று கீழ்மடைக்காரர் எவராவது போர்த்திக்கொண்டு தூங்குவாரா? ஆள் அங்கே இருக்கிறாரா என்று பார்த்துவர ஒருவரைச் சைக்கிளில் அனுப்புவார். பேரேட்டுக்கும் அதே நியாயந்தான். தவறினால் மட்டும் எழுதச் சொல்வது போதாது. 'நகல் முடிந்தது, அளவு இவ்வளவு' என்று தினம் காலையில் ஒரு கடிதம் வரவேண்டும். அது வராத நாளில் கூக்குரலிட வேறொரு யந்திரமும் வேண்டும்.

அதற்காக ஒன்றுமில்லாததற்கெல்லாம் நாளுக்கு நூறு கடிதம் எழுதவைப்பதும் பிசகு. நம் ஊர் ரயில்வே கேட்டில் நின்று நின்று பழகியவர்கள், வரப்போவது எந்த ரயில் என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டார்கள் அல்லவா?

இன்னும் ஒரு விஷயம். கடிதம் போகும் முகவரி ஓர் ஆளின் சொந்தப் பெயரில் இருக்கலாகாது. காரியாலயத்துக்குப் பொதுவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அவர் மாற்றலாகித் திருவாரூருக்குப் போய் மூன்று வருஷம் ஆனபின்னும் பேரேடு அவருக்கே விசுவாசமாக எழுதிக்கொண்டிருக்கும்.