காற்றுக்கு வழிவிடும் கட்டிடங்கள்

வானளாவும் கட்டிடங்களுக்குப் பெரிய எதிரி எது?

பூகம்பம் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் அன்றாட எதிரி காற்றுதான்!

தரையில் இளங்காற்று வீசும்போது, நூறாவது மாடியில் பலத்த காற்று அடிக்கும். காற்றின் வேகம் இரண்டு பங்கானால், அது தள்ளும் பலம் நான்கு பங்காகிவிடும்.

ஊஞ்சல் ஆட்டம்

சதுரக் கட்டிடத்தில் மோதும் காற்று, இரு பக்கமும் பிரிந்து ஓடுகிறது. அப்போது சுழல்கள் உண்டாகின்றன. ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறி வரும். அதனால் கட்டிடம் பக்கவாட்டில் ஆடும்.

ஊஞ்சலை வேளை பார்த்துத் தள்ளினால் ஆட்டம் அதிகமாகிறது அல்லவா? அதுபோல, சுழல் வரும் வேகமும் கட்டிடம் ஆடும் வேகமும் ஒத்துப்போனால், ஆட்டம் வளரும்.

இதைத் தடுக்க இரும்பையும் சிமெண்டையும் கொட்டிக்கொண்டே போனால் செலவு தாங்காது. ஆகவே என்ஜினீயர்கள் உருவத்தையே மாற்றுகிறார்கள். சிறிய மாதிரிக் கட்டிடம் செய்து, அதன் மீது காற்றை வீசச் செய்து சோதிக்கிறார்கள்.

மூலையை வெட்டினார்கள்

தைவானில் தைப்பே 101 கட்டிடம் 2004-ல் திறக்கப்பட்டது. உயரம் 508 மீட்டர். அதன் மூலைகளைப் படிபோல வெட்டி அமைத்ததால், காற்றின் தாக்குதல் சுமார் கால் பங்கு குறைந்தது.

சீனாவின் ஷாங்காய் கோபுரம் (632 மீட்டர்), முறுக்கிய கயிறு போலத் திரும்பி நிற்கிறது. அதிலும் ஏறக்குறைய அதே லாபம்.

துபாயின் புர்ஜ் கலீபா (828 மீட்டர்) மேலே போகப் போகச் சிறுத்து, உருவம் மாறுகிறது. அதனால் சுழல்கள் ஒன்றுகூடித் தாக்க முடிவதில்லை.

திறந்த மாடிகள்

நியூயார்க்கில் பார்க் அவென்யூ 432-ம் எண் கட்டிடம், நிறுத்தி வைத்த பென்சில் போன்றது. உயரம் 426 மீட்டர். அகலமோ 30 மீட்டர்கூட இல்லை! அங்கே 12 மாடிகளுக்கு ஒருமுறை, இரண்டு மாடிகளைத் திறந்து விட்டிருக்கிறார்கள். காற்று அவற்றின் ஊடே புகுந்து போய்விடும்.

ஆனாலும், காற்று அடிக்கும்போது கட்டிடம் கிறீச்சிடுவதாகவும், லிப்ட் நின்றுவிடுவதாகவும் கூறி, வீட்டு உரிமையாளர்கள் 2021-ல் வழக்குத் தொடர்ந்தார்கள்.

கட்டிடம் விழாமல் நின்றால் மட்டும் போதாது. உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கவும் வேண்டும். அதற்கான யோசனையை அஸ்திவாரம் போடும் முன்பே செய்தாக வேண்டும். கட்டி முடித்த பிறகு மூலையை வெட்ட முடியாது!