உரையாடலில் பயிலும் சொல்

காலையில் கைப்பேசியைத் திறந்தால், வணக்கப் படங்களுக்கு நடுவே ‘இன்றைய சொல்’ ஒன்றும் வந்து நிற்கிறது. வகுப்புத் தோழர்கள், ஊர் மாறிப்போன பழைய நண்பர்கள், நேரில் ஒருமுறையும் பாராமல் இணையவழியே நட்புக் கொண்டோர் எனப் பலரும் கூடியுள்ள புலனக் குழுக்களில் நாள்தோறும் ஒரு சொல்லைப் பொருளோடு பகிர்வது இன்று பரவலான வழக்கமாகியுள்ளது. வரவேற்கத்தக்க வழக்கமே. ஆனால், அச்சொல்லுக்குக் கிடைக்கும் மறுமொழி யாது? உயர்த்திய கட்டைவிரல் ஒன்று, கைகூப்பும் படம் இரண்டு, ‘செம’ என்னும் ஒற்றைச்சொல். பின்னர்ப் பேச்சு வேறிடத்திற்குத் தாவிவிடுகிறது. அந்த நாள் முழுவதும் குழுவில் நூறு செய்திகள் ஓடினாலும், அவற்றுள் ஒன்றிலேனும் காலையில் வந்த சொல் இடம்பெறுவதில்லை. ஒருவரோடு பேசும்போது எடுத்தாளப்படாத சொல்லைக் கற்றதாகக் கொள்ள இயலாது என்பதே என் கருத்து.

நாளுக்கொரு சொல் கற்பிக்கும் முறை நமக்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிகளில் மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளுக்குப் பூ, விலங்கு, பறவை, ஊர் ஆகியவற்றின் பெயர்களை ஆசிரியர் சொல்லியனுப்புவார் என்றும், மறுநாட் காலையில் வந்தவுடன் அவர்கள் அவற்றைச் சொல்ல வேண்டும் என்றும் உ.வே. சாமிநாதர் எழுதியுள்ளார். அந்தப் பெயரைக் கேட்பதற்கு மறுநாள் ஒருவர் காத்திருந்தார் என்பது கருதத்தக்கது. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளைச் செய்யுளாகவே நெஞ்சில் ஏற்றிய காலமும் இருந்தது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தொகுத்தபின், அகரவரிசையில் புரட்டித் தேடும் வசதி வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. இன்று அதனையும் விரல்நுனியில் தேடிக்கொள்ளலாம். தேடுவது எளிதாகிய அளவிற்கு, நினைவில் நிறுத்தும் முயற்சி குறைந்துவிட்டது.

ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலறிஞர் எபிங்காஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது எனக் கணக்கிட்டு 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது. இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் நினைவுகூர்ந்தால் நிலைக்கிறது என்பது அவ்வாய்வு வழியே தெரியவந்த உண்மை. காலையில் அறிந்த சொல்லை மாலையில் ஒரு தோழியிடமும் இரண்டு நாள் கழித்து இன்னொருவரிடமும் சொல்லும்போது இந்தப் பயிற்சி தானே நிகழ்ந்துவிடுகிறது. தனியே குறிப்பேடு வைத்துப் படிப்போருக்கு இவ்வாய்ப்பு எளிதில் அமைவதில்லை.

இங்கு ‘செம’ என்னும் சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். பிரியாணி செம, பாட்டுச் செம, நண்பன் அடித்த கோல் செம, தோழி வரைந்த படம் செம, அவள் அணிந்த ஆடையும் செம. இச்சொல்லின்மேல் எனக்குப் பகையில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் இப்படியொரு சொல் வாய்த்துவிடும். எனினும், ஐந்து வேறு மகிழ்ச்சிகளை அது ஒன்றாக்கிவிடுவதைக் காண்க. சோறு பதமாக வெந்திருந்தது. பாடிய குரல் குழைவாக இருந்தது. பந்து குறி பிசகாமல் சென்றது. படத்தின் கோடுகள் நேர்த்தியாக விழுந்திருந்தன. ஆடையின் நிறம் அவளுக்கு எடுப்பாக இருந்தது. இவ்வாறு சொல்லும்போது, பாராட்டப்படுபவர் தாம் எதைச் சிறப்பாகச் செய்தோம் என அறிந்துகொள்கிறார். படம் வரைந்த தோழிக்கு ‘செம’ என்பது ஒரு கைதட்டல். ‘நேர்த்தி’ என்பதோ அவளுடைய படத்தை ஒருவர் உற்றுப் பார்த்ததற்கான சான்று.

ஆகவே, எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் முதன்மையானது. யானைக்கு நிகண்டு தரும் பெயர்களையெல்லாம் நாளுக்கொன்றாக அனுப்புவோர் உளர். செய்யுள் பயில்வோர்க்கு அவை வேண்டும். அன்றாடம் நண்பரிடம் களிற்றைப் பற்றிப் பேச நமக்கு எத்தனை வாய்ப்பு வரும்? தென்காசியில் இருக்கும் மாணவர், வெளியே சாரல் அடிக்கும்போது ‘இங்கு மழை’ என்று எழுதுகிறார். தூறலும் சாரலும் அடைமழையும் வெவ்வேறு என்பதை அவர் அறிவார். எழுதும்போது அச்சொற்கள் கைக்கு வருவதில்லை. முதலில் மீட்க வேண்டியவை, அறிந்திருந்தும் ஆளாத இத்தகைய சொற்களே.

இணைய நண்பர்கள் பல ஊரினர் என்பதே அவ்வுரையாடலின் பெருஞ்செல்வம். நெல்லைத் தோழர் ‘பைய வா’ என்று எழுதினால், அதனைக் கொச்சை எனச் சிரிப்பவர் திருக்குறளில் அச்சொல் பயின்று வருவதை அறியாதவர். மதுரைப் பக்கத்தார் ‘வெள்ளன’ எழுவர். இசுலாமியத் தோழியின் வீட்டில் குழம்பு ‘ஆணம்’ எனப்படும். யாழ்ப்பாணத்து நண்பர் பேசுவதைக் ‘கதைத்தல்’ என்பார். அடுமனையை ‘வெதுப்பகம்’ என்பார். மலேசியத் தமிழர் காலையில் ‘பசியாறியாயிற்றா?’ என வினவுவர். அகராதியைத் திறவாமலே ஒருநாளில் இத்தனை சொற்கள் வந்து சேரும், “இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?” என்று கேட்டால் போதும்.

தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சுச் செய்யும் பழக்கம் மட்டும் இம்முயற்சிக்குத் தடையாக நிற்கிறது. அவ்வெழுத்துகளில் பள்ளியும் பல்லியும் ஒன்றே. மனமும் மணமும் ஒன்றே. புதிதாக ஒரு சொல்லைக் கற்பவர் அதன் லகர, ளகர வேறுபாட்டைக் கண்ணால் காணாமல் எங்ஙனம் மனத்தில் பதிப்பார்? தமிழ்99 விசைப்பலகை 1999இலேயே தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்டது. இன்றைய கைப்பேசிகள் பலவற்றிலும் தமிழ் எழுத்து வசதி உண்டு. சில நாள் பழகினால் விரல்கள் தாமே இடமறியும்.

கேலிக்கு அஞ்சுவோரும் உளர். ‘நேர்த்தி’ என்று முதன்முறை எழுதியவரை நண்பர்கள் ‘புலவரே’ என விளிக்கக்கூடும், விளிக்கட்டும். பேச்சின் ஓட்டம் கெடும்படி ஒரே செய்தியில் ஐந்து அருஞ்சொற்களைத் திணிப்பவர்க்கு அக்கேலி தகும் என்றே கூறுவேன். பஸ், போன் முதலிய சொற்களைக் கண்டவிடமெல்லாம் நண்பரைத் திருத்த முற்படுவதும் நட்புக்கு உதவாது. தேவையான இடத்தில் ஒரு சொல்லை இயல்பாக எழுதிவிட்டு, பேச்சைத் தொடர்க. ‘புலவரே’ என்று அழைத்தவரே நாலைந்து நாள் கழித்துத் தம் தம்பியின் கையெழுத்தைப் படமெடுத்து அனுப்பி, “எவ்வளவு நேர்த்தி, பார்!” என்று எழுதக்கூடும்.