சர்க்கார் குறிச்ச நாள்

கல்யாணத்துக்கு நாள் குறிப்பது ஜோசியர். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிப்பதும் அவரேதான். மோட்டார் வண்டி வியாபாரத்துக்கு நாள் குறிப்பது யார் தெரியுமோ? சர்க்கார். சில சமயம் சுப்ரீம் கோர்ட். ஜோசியராவது தட்சிணை வைத்தால் ஒரு பரிகாரம் சொல்லுவார்.

ஒரு காலத்தில் வண்டி விற்பவர் என்றால் ஊரில் தனி மரியாதை. ஸ்கூட்டர் யாருக்கு, எந்த வரிசையில் கொடுப்பது என்பதற்கே 1960-ல் மத்திய சர்க்கார் ஒரு கட்டுப்பாட்டு உத்தரவு போட்டிருந்தது. முன்பணம் கட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் தவம் கிடக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு ஸ்கூட்டர் தர வேண்டுமென்றால் பெண் பிறந்த கையோடு புக் பண்ணிவிடுவது உத்தமம் என்று சொல்வார்கள். அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் வரிசையில் முந்தலாம். அதனால் துபாயில் சித்தப்பா இருக்கும் வீட்டுக்குத் தனி மவுசு. ஷோரூமில் ஏ.ஸி. கிடையாது, காபி கிடையாது, ‘வாங்க சார்’ கிடையாது. டீலர் நிமிர்ந்து பார்த்தாலே பாக்கியம். 1991-க்குப் பிறகு லைசென்ஸ் ராஜ்யம் போயிற்று, க்யூவும் போயிற்று. இப்போது நாம் நிமிர்ந்து பார்ப்போமா என்று டீலர் வாசலில் நிற்கிறார்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு அண்ணாச்சி டூவீலர் ஷோரூம் வைத்திருக்கிறார். அவர் பெயரும் வேண்டாம், அவர் விற்கும் கம்பெனியின் பெயரும் வேண்டாம். திருநெல்வேலியில் உள்ள மெயின் டீலரிடம் எடுத்து விற்கும் சப்-டீலர். இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

வண்டி ஃபாக்டரி கேட்டைத் தாண்டி லாரியில் ஏறியதும் கம்பெனியின் கணக்கில் அது ‘விற்பனை’ ஆகிவிடுகிறது. மாசா மாசம் கம்பெனிகள் இத்தனை லட்சம் விற்றோம் என்று பேப்பரில் பெருமையாகச் சொல்கின்றனவே, அது பெரும்பாலும் டீலருக்கு அனுப்பிய கணக்கு. நீங்களும் நானும் வாங்கிய கணக்கு வேறே. டீலர்கள் சங்கமான ‘ஃபாடா’ ஆர்.டி.ஓ. பதிவை வைத்து அதைத் தனியாக வெளியிடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வண்டிகள் அண்ணாச்சி மாதிரி ஆட்களின் குடோனில் நிற்கும்.

சும்மா நிற்குமா? வட்டியோடு நிற்கும். வண்டி ஒன்று 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 வண்டி நின்றால் 30 லட்சம். பேங்க் கடன் 12 வட்டி என்றால் தினத்துக்கு ஆயிரம் ரூபாய். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

“தம்பி, கம்பெனிக்காரன் எனக்கு வித்துட்டான். அவன் கணக்கு முடிஞ்சு போச்சு. நான் யாருக்கு விக்கணும்? அது என் தலையெழுத்து பாத்துக்கிடுங்க” என்பார்.

இனி 2017-க்கு வருவோம். புகை குறைவாக விடும் பி.எஸ்.-4 வண்டிகள் நாடு முழுக்க ஏப்ரல் 1 முதல் என்பது முன்பே தெரிந்த தேதிதான். ஆனால் 2005-லும் 2010-லும் இதே மாதிரி விதி மாறியபோது, அந்தத் தேதிக்குப் பிறகு பழைய மாடலைத் தயாரிக்கத்தான் தடை. தயாரித்து வைத்ததை விற்றுக்கொள்ளலாம். இந்தத் தடவையும் அப்படித்தான் என்று கம்பெனிகள் மார்ச் மாதம் வரை பி.எஸ்.-3 வண்டிகளை மும்முரமாகத் தயாரித்துத் தள்ளின. மார்ச் 29-ஆம் தேதி புதன்கிழமை சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: ஏப்ரல் 1 முதல் விற்கவும் கூடாது, பதியவும் கூடாது. 31-ஆம் தேதிக்குள் விற்றதற்கு அத்தாட்சி இருந்தால் மட்டும் பதியலாம். வியாபாரத்தைவிட ஜனங்களின் ஆரோக்கியம் பெரிது என்றது கோர்ட். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கு ஸ்டாக் கிளியரன்ஸ் வரை பொறுத்திருக்கத் தெரியாதே! அன்றைக்கு நாட்டில் தேங்கி நின்றவை சுமார் 8 லட்சத்து 24 ஆயிரம் வண்டிகள். அதில் ஆறு லட்சத்துக்கு மேல் டூவீலர். கையில் இருந்தது இரண்டே நாள்.

அந்த இரண்டு நாளும் நம் ஜனங்கள் காட்டிய சுறுசுறுப்பு இருக்கிறதே, தேர்தலில் கூடக் கிடையாது. பன்னிரண்டாயிரம் தள்ளுபடி, இருபதாயிரம் தள்ளுபடி என்று கம்பெனிகள் அறிவித்தன. ஒருவருஷமாகக் கொட்டேஷன் மட்டும் வாங்கிப் போய்க்கொண்டிருந்த ஆசாமிகள் எல்லாம் நோட்டும் கையுமாக வந்து நின்றார்கள். கலர் கேட்கவில்லை. டெஸ்ட் டிரைவ் கேட்கவில்லை.

“31-ஆம் தேதி வெள்ளிக்கிழமை தம்பி. பத்தரைலேருந்து பன்னெண்டு ராகு காலம். மத்த நாள்ல ஒரு நிமிஷம் முன்னாடி சாவி கொடுத்தாக்கூட சண்டைக்கு வருவாவ. அன்னைக்கு ஒருத்தர் வாயத் தொறக்கணுமே! இருபதாயிரம் தள்ளுபடின்னா ராகுவாவது, கேதுவாவது!”

பேப்பரில் போட்டோ போட்டதெல்லாம் இந்தக் கூட்டத்தைத்தான். ராத்திரி ஷட்டரை இறக்கிய பிறகு நடந்ததை யாரும் போட்டோ எடுக்கவில்லை. அண்ணாச்சியிடம் பதினோரு வண்டி மிச்சம். விடிந்தால் இரும்புக் கடைக்குத்தான். என்ன செய்வார் மனுஷன்? தன் பெயரில் மூன்றுக்குப் பில் போட்டார். வீட்டம்மா பெயரில் மூன்று. மைத்துனர் பெயரில் மூன்று. மெக்கானிக் பையன் பெயரில் இரண்டு. சைக்கிள் கூட ஓட்டத் தெரியாத அந்த அம்மாள் ஒரே ராத்திரியில் மூன்று மோட்டார் சைக்கிளுக்குச் சொந்தக்காரி ஆனார். இது அண்ணாச்சியின் சொந்த மூளை என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் ஊருக்கு இந்த ராத்திரி வைத்தியம் நடந்தது.

வண்டி பிழைத்தது, விலை பிழைக்கவில்லை. ஒரு கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் ஆர்.சி. புக்கில் வாங்குகிறவர் இரண்டாவது ஓனர். செகண்ட்ஹேண்ட் விலைதான் கேட்பார். தள்ளுபடிப் பணத்தைக் கம்பெனி ஈடு செய்யும் என்றார்கள். அது மெயின் டீலர் வரை வந்து, அங்கிருந்து அண்ணாச்சிக்கு இறங்குவதற்குள் ஆடி வந்துவிட்டது. மைத்துனர் வேறு, ‘என் பேர்ல இருக்கறதுல ஒண்ணு எனக்கே இருக்கட்டும்’ என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். சர்க்காரை எதிர்த்தாவது கேஸ் போடலாம். மைத்துனரை?

இந்த அனுபவத்துக்குப் பிறகு பி.எஸ்.-6 விஷயத்தில் எல்லோரும் உஷாராகத்தான் இருந்தார்கள். 2020 ஏப்ரல் 1 கெடு என்று சுப்ரீம் கோர்ட் 2018 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. ஒன்றரை வருஷ அவகாசம். மார்ச் கடைசி வாரத்தில் விற்றுத் தீர்த்துவிடலாம் என்று டீலர்கள் கணக்குப் போட்டார்கள். அதே மார்ச் கடைசி வாரத்துக்குக் கொரோனாவும் ஒரு கணக்குப் போட்டிருந்தது. ஊரடங்கு வந்தது. ஷோரூமைத் திறந்தால் போலீஸ், திறக்காவிட்டால் வட்டி. ஃபாடா கோர்ட்டுக்கு ஓடியது. மிச்சமிருக்கும் வண்டிகளில் நூற்றுக்குப் பத்தை, ஊரடங்கு முடிந்து பத்து நாளுக்குள் விற்கலாம், டில்லி வட்டாரம் தவிர, என்று மார்ச் 27-ல் அனுமதி கிடைத்தது. நூறு பேருக்குப் பசி, பத்து இலைதான் போட முடியும் என்றால் பந்தி எப்படி நடக்கும்? 1 லட்சத்து 5 ஆயிரம் வண்டிக்குத் தந்த அனுமதியில் 2 லட்சத்து 55 ஆயிரம் விற்றிருக்கிறீர்களே என்று கோர்ட் கோபித்துக்கொண்டு, ஜூலை 8-ஆம் தேதி அந்த உத்தரவையே திரும்பப் பெற்றது. காசு கொடுத்து வாங்கியவர் வண்டியைப் பதிய முடியாமல் டீலர் வாசலில் வந்து உட்கார்ந்தார். ஊரடங்குக்கு முன்னால் விற்று, சர்க்காரின் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தவற்றை மட்டும் பதியலாம் என்று ஆகஸ்டில்தான் வழி பிறந்தது.

இதெல்லாம் நம் ஊர்த் தலையெழுத்து என்று நினைக்க வேண்டாம். 2009-ல் அமெரிக்க சர்க்கார் ஜெனரல் மோட்டார்ஸ், க்ரைஸ்லர் இரண்டையும் கோடிக்கணக்கான டாலர் போட்டுக் காப்பாற்றியது. கூடவே, உங்களுக்குக் கடைகள் ஜாஸ்தி, சீக்கிரம் குறையுங்கள் என்றது. மே 14-ஆம் தேதி க்ரைஸ்லர் 789 டீலர்களின் பெயரைப் பட்டியல் போட்டது. ஜூன் 9-ஆம் தேதியோடு அவர்கள் கதை முடிந்தது. கம்பெனி பிழைத்தது, கடை போயிற்று. ஆனால் அங்கே டீலர்களுக்கு வாய் இருந்தது. தங்கள் தொகுதி எம்.பி.யைப் பிடித்து உலுக்கினார்கள். அதே டிசம்பரில் மத்தியஸ்தம் பேசச் சட்டமே வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அறுநூற்றுக்கு மேற்பட்டவர்களைத் திரும்பக் கூப்பிட்டது. நம் பார்லிமெண்டுக் குழு ஒன்றும் 2020 டிசம்பரில் டீலர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரை செய்தது. டெல்லியில் பரிந்துரைகளை வைக்கும் அலமாரி மிகப் பெரியது என்று கேள்வி.

கடைசியாக 2025. இது நல்ல செய்தி. ஆகஸ்டு 15-ஆம் தேதி செங்கோட்டையில் பிரதமர், தீபாவளிக்குள் ஜி.எஸ்.டி. குறையும் என்றார். நமக்கெல்லாம் சந்தோஷம். அண்ணாச்சிக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஏன் என்றால், ஆடி முடிய இன்னும் ஒரே ஒரு நாள்! ஒரு மாசமாக ஈ ஓட்டிவிட்டு, ஆவணி பிறந்தால் வியாபாரம் என்று உட்கார்ந்திருந்தவரிடம், ‘விலை குறையட்டும், வர்றோம்’ என்று சொல்லிவிட்டு ஜனங்கள் போய்விட்டார்கள். விநாயகர் சதுர்த்தி போயிற்று, ஓணம் போயிற்று. செப்டம்பர் 3-ஆம் தேதி கவுன்சில் கூடி, 350 சி.சி. வரையுள்ள டூவீலருக்கும் சின்னக் காருக்கும் 18 சதவிகிதம், 22-ஆம் தேதி முதல் அமல் என்றது. நடுவே மகாளய பட்சம் வேறு. அமாவாசை கழிந்து நவராத்திரி முதல் நாளில்தான் கல்லா திறந்தது. அதன் பிறகு தீபாவளி வரை அண்ணாச்சிக்குச் சாப்பிட நேரமில்லை.

கார் விற்பவர்கள் பாடு வேறு. அவர்கள் பழைய ஸ்டாக்கை எடுத்தபோது ஜி.எஸ்.டி.க்கு மேல் ‘செஸ்’ என்று ஒன்று கட்டியிருந்தார்கள். செஸ்ஸுக்குக் கட்டியதைச் செஸ்ஸில் மட்டும்தான் கழிக்கலாம், ஜி.எஸ்.டி.யில் கழிக்க முடியாது. 22-ஆம் தேதி முதல் காருக்குச் செஸ்ஸே கிடையாது. பிறகு எதில் கழிப்பது? நாடு முழுக்க இப்படிச் சிக்கியது சுமார் 2,500 கோடி ரூபாய் என்று ஃபாடா சொன்னது. இதற்கும் சுப்ரீம் கோர்ட்தான்.

அண்ணாச்சிக்குத் தெரிந்த கார் டீலர் ஒருவர், ஓ.டி. லிமிட்டைக் கூட்டிக் கேட்கப் பேங்க்குக்குப் போயிருக்கிறார். கம்ப்யூட்டரைத் திறந்து, ‘பாருங்க சார், சர்க்கார் கணக்கில் என் பணம் நாற்பது லட்சம் நிற்குது’ என்று காட்டினாராம். மானேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

“நிற்குது சார், நல்லாத் தெரியுது. வேற ஏதாவது வீடு, நிலம் இருக்கா?”