எத்தனை பேர் கேட்டார்கள்?

நல்ல நிகழ்ச்சியென்றாலும் "எத்தனை பேர் கேட்பாங்க?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்கிறோம்.

1954 ஜனவரி 25 இரவு. பிபிசியின் 'தேர்ட் புரோகிராம்' சேவையில் 'அண்டர் மில்க் வூட்' நாடகம் ஒலிபரப்பானது. எழுதிய டிலன் தோமஸ் முந்தைய நவம்பரிலேயே நியூயோர்க்கில் இறந்துவிட்டார். மனுஷன் கையெழுத்துப் பிரதியையும் லண்டன் மதுக்கடையொன்றில் தொலைத்திருந்தார்! தயாரிப்பாளர் டக்ளஸ் கிளெவர்டன் முன்கூட்டியே படியெடுத்து வைத்ததால் தப்பியது. றிச்சர்ட் பேர்ட்டனின் குரலில் வேல்ஸ் சிற்றூரொன்றின் ஒரு முழுநாள் காதுக்குள்ளேயே விரிந்தது.

1946இல் தொடங்கிய அந்தச் சேவைக்கு நேயர்கள் எப்போதும் சொற்பம்தான். 1957இல் அதன் நேரத்தை வெட்டினார்கள். அது பிழையென்றே நாங்கள் சொல்வோம். நாற்பது பிள்ளைகளில் மூன்று பேர்தான் கவிதைக்குக் காது கொடுக்கிறார்கள் என்பதற்காக, அந்தப் பாடத்தை நாங்கள் விட்டுவிடுகிறோமா?