பெயர் அழிக்கப்பட்ட பேருந்து

முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கொல்லிமலைக்குப் போய்வருகிறேன். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கும் அரசுப் பேருந்தில் எந்தத் தலைவர் பெயரும் இல்லை. முன்பு சேலம் வட்டாரப் பேருந்துகளில் அண்ணா பெயர் இருந்தது. அது ஏன் போனது?

பொதுச்சாலைகள் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்து வென்றவர் இரட்டைமலை சீனிவாசன். சாலை திறந்தது, பேருந்துக் கதவு திறக்கவில்லை. தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்தால் உரிமம் ரத்து என்று இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவர் சவுந்திரபாண்டியனார் உத்தரவிட வேண்டியிருந்தது.

அதே மண்ணில் பிரிந்த விருதுநகர் மாவட்டத்தில், 1997-இல் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள், கலவரம் வெடித்தது. அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கிவிட்டது.

இதைச் சமத்துவம் என்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். ஓர் ஒடுக்கப்பட்டவரின் பெயரைச் சகிக்காதவர்களுக்காக அண்ணாவையும் இறக்கிவிட்டோம் என்றால், வென்றது யார்? அமைதி திரும்பியது உண்மை. அதற்கு விலை கொடுத்தது சுந்தரலிங்கத்தின் மக்கள். அந்தப் பெயர் மீண்டும் பேருந்தில் ஏறட்டும். ஏறமாட்டேன் என்பவர் நடந்து போகட்டும், சாலை பொதுச்சாலைதான்.